மலைச் சிலுவைக்கு ஏன் கூப்பிட்டார் சம்பந்தி?

என் பேரன் எஞ்சினியர். அவன் கட்ட விரும்பும் பெண் மட்டக்களப்பு, வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளை. கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த 2008 ஆனி மாதம், பெண்ணின் தாய் ஜெசிந்தா, மொன்ட்ரியால் மலையிலுள்ள சிலுவையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். எத்தனையோ இடம் இருக்க ஏன் சிலுவை? சந்தேகத்தோடுதான் போனேன்.

நாங்கள் இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலிருந்து காலை பத்துக்கு வெளிக்கிட்டோம். வில்லா-மரியாவில் மெட்ரோ ஏறினால் மாறாமல் மொன்-ரோயல் போகலாம், இருபத்தைந்து நிமிடம். பிறகு 11ஆம் இலக்க பஸ். ஆளுக்கு இரண்டே முக்கால் டொலர். மெட்ரோவில் எடுத்த டிக்கெட் துண்டைக் காட்டினால் பஸ்ஸுக்கு வேறு காசு இல்லை. இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

இரும்புச் சிலுவை, பத்து மாடி உயரம். ஜெசிந்தா கதை சொன்னார். இந்த ஊரைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் வியாபாரத்துக்கு வரவில்லையாம். பூர்வகுடிகளை வேதத்தில் சேர்க்கவே கடல் தாண்டினார்களாம். வெள்ளம் வடிந்ததற்கு நேர்த்திக்கடனாக முதல் சிலுவையைச் சுமந்து ஏறினார்களாம். நேர்த்தி எனக்கு விளங்கும். மற்றதை நம்பவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் சரித்திரத்தில் நான்தான் முதலாவது.

"எங்கட ஊருக்கு வேதம் சொல்ல வந்த பறங்கி யாழ்ப்பாணத்து யானையளை ஏன் கப்பலில ஏத்தினவன்?"

"என்னகா, நானா ஏத்தினன்?" என்று மட்டக்களப்புப் பேச்சில் கேட்டார் ஜெசிந்தா.

சாப்பிட உட்கார்ந்தோம். "உங்களுக்கு மரக்கறி ரோல்ஸ் இரிக்கு. பேரன்தான் சைவத்த விட்டுட்டாரே, தெரியாதா?" என்றார்.

எங்கள் ஆட்களுக்குச் சமயமும் சைவம், சாப்பாடும் சைவம். அவர் நீட்டிய ரோல்ஸை வாங்காமல் கேட்டேன்.

"எப்ப? எந்த வேதக்காரச் சுவாமியார் மாத்தினது?"

"சுவாமியாரா? நான்தான். கோழிக்கறி!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "மெய்யைச் சொல்லும். அவனை வேதத்தில சேக்கிற எண்ணம் இருக்கோ?"

சிரிப்பு நின்றது. "இரிக்கு அக்கா. அதைக் கதைக்கத்தான் கூட்டிவந்தன்."

"அவன் மாட்டன் எண்டால்?"

"அப்பவும் பிள்ளையைத் தருவன். இல்லாட்டி அவள் என்னை விடமாட்டாள்."

எந்த வெள்ளைக்காரனும் இப்படி உள்ளதைச் சொல்லிக் கரையிறங்கியதாக நான் படித்ததில்லை.

"சரி. உம்மட கோயிலுக்குத் திருநீறோட வருவான். அழிக்கச் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டன். நீங்களும் கோழியை நிப்பாட்டச் சொல்லாதீங்க."

போகிறவர்கள் சப்பாத்துப் போட்டுப் போங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். சம்பந்தியோடு போனால், கேட்க வேண்டியதை ஏற முன்பே கேளுங்கள்.

திரும்பும்போது பஸ் தரிப்பிடத்தில் ஜெசிந்தா மெதுவாக, "பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம்..." என்று தொடங்கினார். "பஸ் வருது" என்று எழுந்துவிட்டேன். பஸ் வர இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.