எல்லம்மாள் தேடிய சபை

வலது கையில் இஸ்திரிப் பெட்டி. இடது கையின் ஆள்காட்டி விரல் வேதப்புத்தகத்தின் ஒரு வரியில். வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே, புங்கமரத்தடியில் நிற்கும் தள்ளுவண்டியில் எல்லம்மாள் ஒரு அரைக்கைச் சட்டையைத் தேய்த்து முடிக்கும்போது ஒரு வசனமும் முடிகிறது. முழுக்கைச் சட்டைக்கு ஒன்றரை வசனம். பட்டுப்புடவை வந்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுவார். "பட்டு கருகிச்சுன்னா ஆண்டவரு வந்து பதில் சொல்ல மாட்டாருங்க."

எட்டு வருடமாக என் சட்டைகள் அவரிடம்தான் போகின்றன. அவர் எழுதப் படிக்கக் கற்றது தொண்ணூற்று மூன்றில், அறிவொளி வகுப்பில். அப்போது வயது நாற்பத்தொன்று. படிக்கத் தெரிந்த கையோடு பஸ் போர்டு, சோப்பு உறை, சுவர் விளம்பரம் எல்லாவற்றையும் படித்துத் தீர்த்தார். அந்தச் சமயத்தில் வாடிக்கைக்காரரான ஒரு நர்ஸம்மா மாற்றலாகிப் போகும்போது பெரிய எழுத்து வேதப்புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். படிக்கப் படிக்க எல்லம்மாளுக்கு அதில் மனது ஒட்டிக்கொண்டது. ஒரு சபையில் சேர வேண்டும் என்று நர்ஸம்மாவுக்குக் கடிதம் எழுதினார்; விலாசம் மட்டும் என் கையெழுத்து. 'வேதத்தில் இருப்பதை மட்டும் சொல்லும் சபையாகப் பார்த்துச் சேருங்கள்' என்று பதில் வந்தது.

வேறு யாராவது என்றால் அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பார்கள். எல்லம்மாள் முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். வேதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதைச் சொல்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது என்பது அவர் கேள்வி. படித்த இடம் வரைக்கும் ஒப்புக்கொள்வார். அதற்கு அப்பால் யார் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான். "அங்க நான் இன்னும் வரலீங்க."

முதலில் போனது ஊருக்குள் இருக்கும் பழைய தேவாலயத்துக்கு. பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் ஏவாள் கையில் ஆப்பிளோடு நின்றாள். எல்லம்மாள் அப்போது வேதத்தின் முதல் பகுதியான ஆதியாகமத்தில் இருந்தார். உபதேசியாரைக் கூப்பிட்டார்.

"ஆப்பிள்னு எங்கங்க எழுதியிருக்குது?"

"அது சும்மா ஒரு அடையாளத்துக்கு வரைஞ்சதும்மா."

"கனின்னுதாங்க போட்டிருக்குது. கொய்யாவாகூட இருக்கலாம்."

உபதேசியார் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டார். ஆனால் படம் அப்படியே இருந்தது. நாலு மாதம் பார்த்துவிட்டு எல்லம்மாள் அங்கே போவதை நிறுத்தினார்.

அடுத்தது எங்கள் பகுதியிலேயே தகரக் கூரை போட்ட ஒரு கூடம். அங்கே ஜெபித்தால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அதன் போதகர் இவருடைய வாடிக்கைக்காரர். எல்லம்மாள் சட்டதிட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் இருந்த வாரம் பார்த்து அவர் ஒரு பேண்டைக் கொண்டுவந்து போட்டார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"அய்யா, ரெண்டு நூல் கலந்த துணி உடுத்தக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க. இது டெரிகாட்டன்."

"அதெல்லாம் பழைய ஏற்பாட்டுச் சட்டம்மா. இப்ப முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சுபோச்சுன்னு எங்க எழுதியிருக்குது?"

"புதிய ஏற்பாட்டுல, எபிரெயர்ல."

"அங்க நான் இன்னும் வரலீங்க." பேண்டைப் புரட்டிப் போட்டார். "நீங்க வாங்குற பத்துல ஒரு பங்கு தசமபாகமும் அதே புஸ்தகத்துலதான இருக்குது. அது மட்டும் முடியலீங்களா?"

போதகர் எதிரே தெரிந்த மலையைப் பார்த்தார். மடிப்பு கத்திபோல் விழுந்திருந்த பேண்டை வாங்கிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு வேறு வண்டிக்கு மாறிவிட்டார்.

மூன்றாவது சபையில் ஞானஸ்நானத்துக்கு நாள்கூடக் குறித்துவிட்டார்கள். எல்லம்மாள் என்ற பெயர் ஆகாது, எலிசபெத்து என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். "ஆபிராமுக்குப் பேர மாத்துனவரு ஆண்டவருங்க. எனக்கு நீங்க மாத்துறீங்களே?" என்று கேட்டுவிட்டு, கொண்டுபோன மாற்றுப் புடவையை மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவந்தார்.

வீட்டுக்காரர் சகாதேவன் நகராட்சியில் பம்ப் ஆபரேட்டர். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். மனைவி எங்கே போனாலும் தடுத்ததில்லை. "எனக்கு இருக்கறது ஒரு மலை. சுத்துனா வீட்டுக்கு வந்துடறேன். அவளுக்குதான் சார் வருசத்துக்கு ஒரு எடம்" என்பார்.

சிக்கல் வந்தது மகள் கவிநிலாவால். அம்மாவோடு சேர்ந்து அவளும் ஜெபிக்கிறவள். இரண்டாயிரத்தில் போளூரிலிருந்து நல்ல வரன் வந்தது. பையனுக்குப் பெண்ணைப் பிடித்தது, பெண்ணுக்குப் பையனை அதைவிடப் பிடித்தது. ஆனால் அவர்கள் சபையில் கல்யாணம் நடத்த, பெண் வீட்டார் எந்தச் சபை அங்கத்தினர் என்று கடிதம் வேண்டும். அடுத்த பிப்ரவரிக்குள் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

எல்லம்மாள் எந்தச் சபையிலும் அங்கத்தினர் இல்லை. முன்பு போய் வந்த மூன்று இடங்களிலும் அவரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிக்கொள்வார்கள்.

"ஏதாவது ஒண்ணுல சேந்துடும்மா" என்று கவிநிலா வண்டியருகே நின்று அழுதாள். "நீ கடைசிப் பகுதி வெளிப்படுத்தல் முடிக்கறதுக்குள்ள எனக்கு நாப்பது வயசாயிடும்."

எல்லம்மாள் அன்றைக்கு ஒரு சட்டையைக் கருக்கினார். என் சட்டைதான். அவர் கையில் துணி கருகி நான் பார்த்தது அந்த ஒரு முறை.

அப்போது அவர் போய்க்கொண்டிருந்தது செங்கம் சாலையில் அரிசிக் கடை மாடியில் கூடும் சின்னச் சபைக்கு. முப்பது பேர் வருவார்கள். போதகர் ஆதிமூலம் முன்பு பஸ் கண்டக்டர். பிரசங்கத்தின் நடுவிலும் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். அவர் தன் பெயரை மாற்றிக்கொள்ளாதது எல்லம்மாளுக்குப் பிடித்திருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பிறந்த பாலகனுக்குக் காணிக்கை ஏந்தி, ஜிகினா கிரீடத்தோடு மூன்று சாஸ்திரிகள் வந்தார்கள். எல்லம்மாள் அந்தக் கதை வரும் மத்தேயுவுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த வாரமே கடிதம் கிடைத்திருக்கும். கவிநிலா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாளாம். பலிக்கவில்லை.

"அய்யா, மூணு பேர்னு எங்க எழுதியிருக்குது?"

"மத்தேயு ரெண்டுலக்கா" என்று ஆதிமூலம் புத்தகத்தை விரித்தார். படித்தார். மறுபடி படித்தார். பக்கத்தைத் திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தார். "காணிக்கை மூணுக்கா."

"காணிக்கை மூணுங்க. ஆளு எத்தினி?"

ஆதிமூலம் மேடையிலிருந்த கிரீடங்களை ஒருமுறை எண்ணினார். கவிநிலா படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு ஆதிமூலம் பிரசங்கம் தொடங்குமுன் மைக்கைப் பிடித்தார். "பதினோரு வருசமா சாஸ்திரிங்க மூணு பேர்னு உங்களுக்குச் சொல்லிட்டு வந்தேன். எல்லம்மா அக்கா கேட்டாங்க. தேடிப் பாத்தேன். வேதத்துல எண்ணிக்கை இல்ல. நான் சொன்னது தப்பு."

கிரீடங்களைச் செய்த உண்ணாமலை டீச்சர் எழுந்தார். "அப்ப அடுத்த வருசம் எத்தினி கிரீடம் ஒட்றதுங்க?"

"எத்தினி பிள்ளைங்க வருதோ அத்தினி ஒட்டுங்க."

திங்கட்கிழமை நான் துணியோடு போனபோது எல்லம்மாள் பெட்டிக்குக் கரி போடாமல் உட்கார்ந்திருந்தார். "தப்புன்னு சொன்னாருங்க" என்றார். என் துணியை எண்ணி வாங்கிவிட்டு, "மைக்குல சொன்னாரு" என்றார்.

ஜனவரியில் ஏரியில் ஞானஸ்நானம் ஆயிற்று, எல்லம்மாள் என்ற பெயரிலேயே. அன்று மாலை மாடியில் அங்கத்தினர் படிவத்தை மேஜைமேல் வைத்தார்கள். கடிதத்தைக் கையோடு வாங்கிப்போக வந்திருந்த போளூர் சம்பந்தி கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். இஸ்திரி போடுகிற பெண்மணி எழுதச் சிரமப்பட வேண்டாமே என்று, கைநாட்டு வைக்கும் மைப்பெட்டியை அவரே திறந்து எல்லம்மாளின் கட்டைவிரல் பக்கமாகத் தள்ளிவைத்தார். எல்லம்மாள் படிவத்தை மேலிருந்து படித்தார். விதிகளைப் படித்தார். அடியில் பொடி எழுத்திலிருந்த அச்சகத்தின் பெயரையும் ஃபோன் நம்பரையும் படித்தார். பிறகு மைப்பெட்டியின் மூடியை 'டக்'கென்று சாத்தி சம்பந்தி பக்கமே நகர்த்திவிட்டு, ஆதிமூலத்தின் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குக் கையை நீட்டினார்.