ஜெலாய்க்குப் போகும் தண்ணீர்

லிப்பிஸ் பக்கத்திலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது, அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. மாப்பிள்ளை அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து அவருடைய அப்பாதான் பேசினார். மலைமேல் தேயிலைத் தோட்டத்திலிருந்த எங்கள் லயத்து வீட்டின் முன்னறையில், குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தூரம்னு பாக்காதீங்கம்மா. ஜெலாய் ஆறு எங்க தோட்டத்து ஓரமாத்தான் போவுது. அந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு நெனக்கிறீங்க? ஒங்க மலையிலேருந்துதான் லா."

அம்மா அந்த ஒரு பேச்சில் சரிந்துவிட்டாள். அதுவரை முகத்தை இறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்துபோய் இன்னொரு தட்டு முறுக்கு கொண்டுவந்தாள்.

எங்கள் லயத்துக்குக் கீழே ஓர் ஓடை இருந்தது. கொழுந்து பறித்துவிட்டு வந்து அம்மா துணி துவைத்தது, நானும் அக்காவும் குளித்தது எல்லாம் அதில்தான். கோடைக் காலத்திலும் காலை விட்டால் எலும்பு வரை குளிரும். தேயிலைச் சரிவுகளைத் தாண்டினால் அதற்குக் காய்கறித் தோட்டங்கள். திரிங்காப் பக்கம் இன்னும் இரண்டு மூன்று ஓடைகள் சேர்ந்துகொள்ளும். கோலா தெர்லாவுக்கு அருகே தெலோம் ஆற்றில் விழும். அதற்குப் பிறகு காடு. அந்தக் காட்டுக்கு அப்பால் தெலோம் என்ன ஆகிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகுதான் அது எங்கள் வீட்டுச் சமாச்சாரம் ஆனது.

தண்ணீர் மலையிலிருந்து கிழக்கே இறங்கி அக்காவின் தோட்டத்துக்குப் போனது. எங்களுக்கு அந்த வழி கிடையாது. மேற்கே தாப்பாவுக்கு பஸ்ஸில் இறங்க வேண்டும். வளைவுக்கு வளைவு அம்மா வாந்தி எடுப்பாள். அங்கிருந்து கோலாலம்பூர், பிறகு பெந்தோங், ரவூப் என்று மலைத்தொடரின் அடிவாரத்தைப் பாதி சுற்றிக்கொண்டு போக வேண்டும். முதல் தடவை போய்ச் சேர்ந்ததும் அம்மா அக்காவைக் கட்டிக்கொள்ளக்கூட முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தண்ணியாப் பொறந்திருந்தா நேரா வந்திருப்பேன்டி" என்றாள்.

அதனால் நாங்கள் அடிக்கடி போகவில்லை. அக்கா தீபாவளிக்கு வருவாள். மற்ற மாதங்களில் அம்மா துவைக்கும்போது ஓடையிடம் பேசுவாள். நான் பக்கத்துக் கல்லில் சோப்புப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். கோழி முட்டையிட ஆரம்பித்தது, அப்பாவுக்கு இருமல், தங்கச்சி பெரிய மனுஷியாகிவிட்டாள். கடைசிச் செய்தியை அவள் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள், எனக்கு ஓடைக்குள்ளேயே மூழ்கிவிடலாம் போலிருந்தது. மேட்டில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

தானா ராத்தா டவுனில் இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு, ஒருநாள் புவியியல் ஆசிரியை பலகையில் எங்கள் மலையை வரைந்தார். தெலோமும் பெர்தாமும் இறங்கி வந்து ஜெலாயைப் பெரிதாக்கும், ஜெலாய் லிப்பிஸைக் கடந்து தெம்பெலிங்கோடு சேர்ந்து பகாங் ஆறாகும், அது தென்சீனக் கடலுக்குப் போகும். நான் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அக்காவின் வீட்டுப் பெயரையே பலகையில் எழுதியதுபோல இருந்தது. பிறகு அவர் சிவப்புச் சாக்குக்கட்டியை எடுத்து மலைக்குக் குறுக்கே மேற்குப் பக்கமாக ஒரு கோடு போட்டார். மின்சாரம் எடுக்கத் தெலோமின் தண்ணீரைச் சுரங்கத்தில் திருப்பிப் பெர்தாமில் விடுகிறார்கள். அங்கே ரிங்லெட் ஏரியில் தேங்கி, மறுபடியும் சுரங்கம் வழியாகப் பேராக்குக்கு இறங்குகிறது. கிழக்குக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் மலாக்கா நீரிணைக்குப் போகிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நம்ம தண்ணி அவகிட்ட போகலயா?"

"பாதிக்கு மேல தாப்பா பக்கம் போயிடுதாம்மா."

அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். தெலோம் தடுப்பணை வரை சரக்கு ஏற்றிப் போய்ப் பார்த்திருக்கிறார். "மழ பெஞ்சா சொரங்கம் அவ்ளோத்தையும் வாங்காது. அணைக்கு மேல வழிஞ்சு பழைய வழியிலேயே போவும்" என்றார்.

அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே அதை யோசித்தாள். அதற்குப் பிறகு மழை நாட்களில் மட்டும்தான் ஓடையிடம் சேதி சொன்னாள். வெயில் நாட்களில் பேசாமல் துவைத்தாள்.

நான் பள்ளிப் படிப்பை முடித்த வருடக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. அக்காவுக்கு அப்போது நிறைமாதம். அம்மா மருந்துப்பொடி இடித்து, பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்து, லிப்பிஸுக்குப் புறப்படத் தயாராக இருந்தாள். அதற்குள் தாப்பா ரோட்டில் மண் சரிந்தது. பஸ் நின்றுபோனது. ஓடை எங்கள் துவைக்கும் கல்லை மூழ்கடித்து, வேரோடு பிடுங்கிய தேயிலைச் செடிகளை உருட்டிக்கொண்டு போனது. ரேடியோவில் லிப்பிஸ் பக்கம் வெள்ளம் என்று சொன்னார்கள். எந்தத் தோட்டம், எந்தக் கம்பத்துக் கிராமம் என்று சொல்லவில்லை.

அம்மாவின் முகத்தை அப்போதுதான் அப்படிப் பார்த்தேன். எங்கள் மலையில் பெய்வதெல்லாம் அவள் மகளின் வீட்டுக்குத்தான் போகிறது என்று அவளுக்குத் தெரியும். படலைத் தள்ளிக்கொண்டு மேட்டு விளிம்பில் நின்று, "போதும், நிறுத்து! புள்ளத்தாச்சி இருக்கா அங்க" என்று ஓடையைப் பார்த்துக் கத்தினாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அப்பா வந்து குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

தோட்டத்து ஆபீஸில் மட்டும்தான் தொலைபேசி. அப்பா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அங்கே நுழைந்து கேட்பார். லிப்பிஸுக்கு லைன் கிடைக்கவில்லை என்பதே பதில். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மடித்து வைத்த வேட்டித் துணிகளை அம்மா பிரித்துப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

ஒரு மத்தியானம் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி தானே ஓடிவந்தார். கால்சட்டை முழங்கால் வரை சேறு. "ஒங்க பெரிய மக லைன்ல இருக்கா, சீக்கிரம் வாங்க!" மழைக்குக் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். ஆபீஸில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிசீவரை நான்தான் அவள் காதில் வைத்துப் பிடித்தேன். அதனால் எனக்கும் கேட்டது.

"அம்மா, ஒன் தண்ணி வந்துடுச்சு லா. வீட்டுக்குள்ளயே வந்துடுச்சு."

அக்கா சிரித்தாள். பிறகு அழுதாள். தோட்டத்து ஆட்களையெல்லாம் மேட்டிலிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டார்களாம். அங்கே வலி எடுத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோடு முழுகிக் கிடந்ததால், படகில் ஒரு மலாய்த் தாதியை அழைத்து வந்திருக்கிறார்கள். வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, கம்பத்து மலாய்க்காரப் பெண்கள் சாரோங்குகளைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

"என்னா புள்ளடி?" என்று அம்மா கத்தினாள்.

"பொண்ணு. ஒன் மூக்கு."

அம்மா அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். கிராணி தன் டீயை அவளிடம் நீட்டினார். அதை முழுக்கக் குடித்துவிட்டு, "சீனி கம்மி" என்றாள்.

இப்போது ரிங்லெட்டிலிருந்து காட்டுக்குள்ளே சுங்கை கோயான் வழியாக லிப்பிஸுக்கு ரோடு போட்டுவிட்டார்கள். காலையில் தானா ராத்தாவில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் மத்தியானச் சோற்றுக்கு அக்கா வீடு. அப்பா இதைப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு அம்மா லயத்தை விட்டு என்னோடு தானா ராத்தாவுக்கு வந்துவிட்டாள். அந்த ஓடைக்கு நான் எப்போதாவது போவேன். மேலே சரிவுகளை வெட்டி, காய்கறி பயிரிடப் பிளாஸ்டிக் கூரை போட்டிருக்கிறார்கள். சின்ன மழைக்கே மண் கரைந்து பால் டீ போல ஓடுகிறது. எங்கள் கல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தேன். அந்தக் குளிர் மட்டும் மாறவில்லை.

போன வருடம் அம்மாவை அந்தப் புது ரோட்டில் நானே ஓட்டிக்கொண்டு என் காடியில் அழைத்துப் போனேன். வழியெல்லாம் தூங்காமல் சன்னல் ஓரம் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வாந்திகூட எடுக்கவில்லை. அக்கா ஆற்றுக்கரைக்குக் கூட்டிப் போனாள். அகலமாக, செம்பழுப்பாக, அவசரமே இல்லாமல் ஜெலாய் போய்க்கொண்டிருந்தது. அம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு கணுக்கால் வரை இறங்கினாள்.

"என்னாடி, இப்பிடி சுடுது?"

"கீழ வந்தா எல்லாம் சூடாத்தான் லா ஆவும்" என்றாள் அக்கா. "நானுந்தான் ஆயிட்டேன்."

வெள்ளத்தில் பிறந்த பெண் அன்று பாத்தின் என்ற ஆற்று மீனில் குழம்பு வைத்திருந்தாள். அவள் இப்போது லிப்பிஸில் தாதியாக வேலை செய்கிறாள். அம்மாவின் மூக்குதான், சந்தேகமில்லை. அம்மா இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். சாயங்காலம் நான் பையை எடுத்துக் காடியில் வைத்தபோது அவள் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"நீ போம்மா. நான் இங்க கொஞ்ச நாள் இருக்கேன்."

"ஒனக்கு இந்த வெக்க தாங்காதும்மா."

"ஒங்கூட இருந்துட்டேன்ல. இனி இவகூட இருக்கேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் பையை மட்டும் இறக்கிக் கொடுத்தேன். தனியாக மலையேறி வரும்போது சன்னலைத் திறந்து விட்டேன். ரிங்லெட்டை நெருங்க நெருங்கக் காற்று குளிர்ந்தது. கொஞ்சம் அழுதேன். ஆனால் வருத்தத்தில் இல்லை.

கொஞ்ச நாள் என்று சொன்னவள் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியில் கூப்பிடுகிறாள். கொசு, வெக்கை, அக்காவின் சமையலில் உப்பு என்று வரிசையாகக் குறை சொல்வாள். பின்னால் அக்கா, "பொய் சொல்றா லா" என்று கத்துவது கேட்கும். நேற்று பேசும்போது, வரும்போது ஒரு நல்ல ஃபேன் வாங்கி வா, அக்கா வீட்டு ஃபேன் சத்தம் போடுகிறது என்றாள்.