அம்மா அழுத காட்சி

கிளிசரின் இனிக்கும். மணப்பாட்டுக் கடற்கரையில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கிய அன்று, மேக்கப் பெட்டியைச் சுற்றி நின்ற எங்களில் ஒருவன் அதைத் தொட்டு நக்கிப் பார்த்துச் சொல்ல, நானும் விரலை நீட்டி வாங்கி நக்கினேன். அழவைக்கிற மருந்து இப்படி இனிக்கிறதே என்று சிரித்தோம். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

அந்தப் படத்தை இன்று ‘காவியம்’ என்கிறார்கள். பழைய பிரதியைத் துடைத்து மெருகேற்றி மறுபடியும் வெளியிட்டாயிற்று. கரை திரும்பாத வள்ளத்துக்காகப் பெண்கள் அழும் காட்சி ஒன்று அதில் உண்டு. நடுவில் மணலில் விழுந்து அழுகிறவள் என் அம்மா.

சூட்டிங்குக்குச் சில மாதம் முன்புதான் அப்பா போன வள்ளம் காற்றில் காணாமல் போயிருந்தது. சிலோன் கரையில் ஒதுங்கியிருப்பார், இன்றைக்கோ நாளைக்கோ ஆள் வந்து சொல்லும் என்று அப்பாவின் அக்கா, என் அத்தை, பிடிவாதமாக நம்பினாள். தினமும் அவருக்கும் சேர்த்தே உலை வைத்தாள். மாதா கோயிலில் இறந்தோர் பூசைக்குக் கொடுக்கவும் விடவில்லை, அம்மாவை அழவும் விடவில்லை. “அழுதுட்டா போனவன் போனவந்தாம்ளா” என்பாள். அம்மாவும் அழாமல் கருவாடு காயப்போட்டாள். சூட்டிங்குக்குப் போனால் ஒரு நாள் கூலியும் சோறும் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கூப்பிட்டபோது, அத்தைக்குத் தெரியாமல்தான் போனாள்.

மற்றவர்கள் கண்ணிலெல்லாம் கிளிசரின் விட்டார்கள். டைரக்டர் ஒலிபெருக்கியில், “உங்க வீட்டு ஆம்பள கடலுக்குப் போய்த் திரும்பி வரலைன்னு நெனச்சுக்குங்கம்மா” என்றார். அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? பெண்கள் எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கடலைப் பார்த்தாள், பிறகு மணலில் விழுந்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கதறினாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத காலம் அது. அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான். டைரக்டர் கைதட்டி, “இன்னொரு டேக்” என்றார். அம்மா எழுந்திருக்கவில்லை.

யாரோ சொல்லி ஓடிவந்த அத்தை, அத்தனை பேர் முன்னால் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். “காசுக்கு அழுது எந்தம்பியக் கொன்னுட்டியேளா” என்றாள். அன்றோடு உலையில் அப்பாவின் அரிசி நின்றுபோனது.

படம் தூத்துக்குடிக்கு வந்தபோது அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். மாமாவோடு நான் போனேன். அப்பாவின் பெயரை இன்னொரு முறை கேட்கலாம் என்ற ஆசையில், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் வாய் அசைந்தது, வயலின்கள்தாம் கேட்டன. அந்த இசையைத்தான் இப்போதும் பாராட்டுகிறார்கள்.

யூடியூபில் பழைய படங்களைப் பற்றிப் பேசும் ஒருவர், ‘பெயர் தெரியாத அந்தத் துணை நடிகை’ என்று உருகுகிறார். அவராவது உருகுகிறார், பிள்ளைகளோ அவள் முகத்தை வெட்டி ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். கரண்ட் போனால் என் அம்மா, கிரிக்கெட்டில் தோற்றால் என் அம்மா, பிரியாணி தீர்ந்துபோனால் என் அம்மா. போன வாரம் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரவேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் ஒரு பையன் அதைப் போட்டான். ‘அது எங்க அம்மா, தம்பி’ என்று எழுதினேன். ‘அப்படியா சார்? செம ஆக்டிங்’ என்று பதில் வந்தது. கீழே நாலைந்து பேர் கைதட்டியிருந்தார்கள்.

நடிப்பில்லை என்று எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை, யாரைச் சாட்சிக்கு அழைப்பது? அப்பாவுக்காக அம்மா அழுதது அந்த ஒரு தடவைதான். பிறகு வீட்டில் எப்போதாவது அவள் கண் கலங்கினால் அத்தை விடமாட்டாள்.

“அதாம் அங்கனயே அழுது தீத்துட்டியேளா” என்பாள்.