குதிரைகள் இல்லாத வாக்குமூலம்

1. பென்சில்

"உங்கள் வீட்டை வரைந்து காட்டுங்கள்" என்று அதிகாரி பென்சிலை நீட்டினார். நான் அதைத் தமிழில் சொன்னேன். எதிரே இருந்த அமிர்தநாதன் பென்சிலை வாங்கிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிசில் அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் அலுவலகத்தில் நான் அந்தெர்ப்ரெத், அதாவது வாய்மொழி பெயர்ப்பாளர். ஊர் புதுச்சேரி. படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் சொல்லிவிட்டார்: சொன்னதைச் சொன்னபடி பெயர்க்க வேண்டும், அதற்கு மேல் மூச்சு விடக்கூடாது. வீட்டில் வாயாடி என்று பெயரெடுத்த எனக்கு இது பெரிய தண்டனை.

அமிர்தநாதனின் வாக்குமூலம் தட்டச்சில் அழகாக இருந்தது. பிறந்தது யாழ்ப்பாணம் டவுனில், சந்தைக்குப் பக்கத்தில். அண்ணனைச் சந்தையடியில் சுட்டுக் கொன்றார்கள். தானும் சாகாமல் இருக்க ஓடிவந்தார். அதிகாரியின் மேசையில் டவுனின் வரைபடம் இருந்தது. வீட்டிலிருந்து சந்தைக்கு எந்தத் தெரு, பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டார். எல்லாமே தப்பு. சொந்த ஊரில் ஒரு மனிதன் இப்படியா வழி தவறுவான் என்று எனக்கே தோன்றியது. கடைசியாகத்தான் அந்தப் பென்சில்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வரைந்தார். சிமெந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய மதில். ஒரு கிணறு. மதிலுக்கு அப்பால் நாலு கால் பிராணிகள் சில.

"இவை என்ன, நாய்களா?" என்றார் அதிகாரி.

"குதிரை."

"யாருடைய குதிரை?"

"ஒருத்தற்றையும் இல்லை. சும்மா திரியும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். சரியாகத்தான் பெயர்க்கிறாயா என்ற பார்வை. டவுன் நடுவில் சொந்தக்காரன் இல்லாத குதிரைகளா என்று கேட்டார். நான் கேள்வியைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அமிர்தநாதன் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"அக்கா, நான் டவுன் இல்லை. நெடுந்தீவு. டவுன் எண்டு சொல்லச் சொன்னவை. அண்ணை சந்தையிலை சாகேல்லை. வள்ளத்திலை வரேக்கை கடலுக்கை வைச்சு நேவிக்காரங்கள் சுட்டவங்கள்."

கடலில் செத்தவனைக் கொண்டுவந்து சந்தையில் சாகடித்திருக்கிறார்கள்! சொன்னபடி பெயர்த்தேன்.

"அப்படியானால் இந்த வாக்குமூலம் பொய்?"

"ஓம்" என்றார் அமிர்தநாதன். அந்த ஒரு சொல்லில் கோப்பு மூடிக்கொண்டது.

2. மாடி அறை

சில வாரங்களில் மறுப்புக் கடிதம் வந்தது. இனி இருப்பது ரெக்கூர் என்னும் மேல்முறையீடு ஒன்றுதான். அதுவும் தோற்றால் அவரைத் திருப்பி அனுப்புவார்கள், அண்ணனைச் சுட்ட அதே கடலுக்கு. விண்ணப்பதாரர்களோடு வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் லா ஷப்பெல் தமிழ்க் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என் முன்னால் அவரே வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? விதியை வெங்காயக் கூடையில் போட்டுவிட்டுப் பேசினேன்.

"குதிரை எப்படிய்யா வந்திச்சு உங்க தீவுக்கு? நெஜமாவா சொல்ற?"

"மெய்யாத்தான் அக்கா. போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை. பேந்து ஒல்லாந்தர் வளர்த்தவை. அவை கப்பலேறிப் போயிட்டினம், குதிரை நிண்டிட்டுது."

கடை வாசலில் நின்றபடியே தீவை எனக்குச் சொன்னார். தோண்டினால் முருகைக்கல் என்னும் பவளப்பாறைக் கல்தான் வரும், அதை அடுக்கித்தான் மதில். எங்கே பார்த்தாலும் பனை. தீவின் எல்லாப் பக்கத்திலும் கிணறு இருக்கும், ஆனால் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் சில இடத்தில்தான். கோடை முற்றினால் குதிரைகள் புல்வெளியை விட்டுக் கிணற்றடிக்கு வந்து நிற்கும். இறைத்துத் தொட்டியில் ஊற்றாவிட்டால் அங்கேயே விழுந்து சாகும். யாருடைய குதிரையும் இல்லை, ஆனாலும் ஊரில் யாராவது ஊற்றுவார்கள். இவர் வீட்டில் அது இவர் வேலை.

இத்தனையையும் விட்டுவிட்டு ஒரு சந்தையை எழுதியது யார் என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினார். கடைக்கு மேல் மாடியில்தான் கேஸ் மாஸ்ரர் இருந்தார். வந்திறங்கும் இலங்கைத் தமிழருக்கெல்லாம் வாக்குமூலம் எழுதிக் கொடுப்பவர் அவர். அந்தப் பேட்டையில் அவரைத் தெரியாதவர் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் படிக்கட்டு தெரியாது. நேரே ஏறிப் போனேன், அமிர்தநாதனும் பின்னால் ஓடி வந்தார்.

மாஸ்ரர் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்து வரை பொத்தான்.

"என்னாய்யா நெனச்சிகிட்டு எழுதினீங்க? கடல்ல செத்தவன சந்தையில கொண்டாந்து போட்டீங்களே, நெஞ்சுல ஈரமே இல்லையா?"

அவர் எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இருங்கோ அம்மா. உங்கடை கோவம் நியாயம். ஆனா குதிரை எண்டு எழுதினால் வெள்ளைக்காரன் பகிடி எண்டெல்லோ நினைப்பான்? டவுன் எண்டால் பேப்பரிலை வந்த பேர். நம்புவான். தீவுப் பெடியள் எல்லாருக்கும் நான் டவுன் எண்டுதான் எழுதிறனான். நல்லதுக்குத்தான் செய்தனான்."

எல்லோருக்குமா! எத்தனை பேர் இப்படி வழி தெரியாமல் அந்த வரைபடத்துக்கு முன்னால் விழித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்ரர் அமிர்தநாதனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, மேற்குப் பக்கத்துக் கிணறுகளிலை இப்பவும் நல்ல தண்ணியோ?"

அமிர்தநாதன் சட்டென்று அவரை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்தக் கிணறுகள் டவுன்காரருக்கு எப்படித் தெரியும் என்பது பிறகுதான் உறைத்தது.

"மாஸ்ரர், நீங்கள்..." என்றார் அமிர்தநாதன்.

"ஓம். நானும் அங்கத்தையான்தான். டவுனிலை போர்டிங்கிலை விட்டுப் படிப்பிச்சவை. அங்கை 'தீவான், தீவான்' எண்டு பழிச்சே கொண்டுபோட்டாங்கள். அண்டையிலையிருந்து ஆர் கேட்டாலும் டவுன்தான். இஞ்சை வந்தும் அதுதான். என்ர கேஸிலையும் நான் டவுன் எண்டுதான் எழுதினனான்."

அடப்பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, ரெக்கூரில் வந்து இதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் சுவரில் இருந்த குடும்பப் படத்தைக் காட்டினார்.

"சொன்னால் பொய்க் கேஸ் குடுத்தவன் எண்டு என்ர அகதிக் கார்ட்டைப் பறிப்பாங்கள். மூண்டு பிள்ளையள் அம்மா."

அமிர்தநாதன்தான் "விடுங்கோ அக்கா, அவரும் பாவம்" என்றார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அதிகம் எரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திட்டிக்கொண்டே போனேன்.

3. ரெக்கூர்

மேல்முறையீட்டில் தலைவரோடு இன்னும் இருவர். நடுவில் அமிர்தநாதன், ஒரு பக்கம் அவருடைய வழக்கறிஞர், மறுபக்கம் நான். ஒருமுறை பொய் சொன்னவரை இப்போது ஏன் நம்ப வேண்டும் என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அமிர்தநாதன் அண்ணனைச் சொன்னார், கடலைச் சொன்னார், குதிரைகளையும் சொன்னார். குதிரை வந்ததும் மூவரில் ஒருவர் குனிந்து சிரிப்பை மறைத்தார். போச்சு என்று நினைத்தேன்.

அப்போது பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். திரும்பினால், கழுத்து வரை பொத்தான் போட்ட மாஸ்ரர் எழுந்து நிற்கிறார்.

வழக்கறிஞரிடம் ஏதோ சொன்னார். அவர் தலைவரிடம் கேட்டார். தலைவர் முன்னால் வரச் சொன்னார்.

"இந்த வாக்குமூலத்தை எழுதினது நான்" என்றார் மாஸ்ரர் தமிழில். "இவர் நெடுந்தீவு எண்டுதான் எனக்குச் சொன்னவர். நான்தான் மாத்தினனான். குதிரை இருக்கு. என்ர தேப்பன் அதுகளுக்குத் தண்ணி இறைச்சவர். நானும் அங்கைதான் பிறந்தனான். என்ர கேஸிலை எழுதின ஊர் பொய்."

கடைசி வாக்கியத்தை நான் பெயர்க்கவில்லை. என் வாய் திறக்கவே இல்லை. அத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி நேர்ந்தது அந்த ஒரே தடவைதான். அதைச் சொன்னால் மூன்று பிள்ளைகளின் தகப்பனை என் நாக்காலேயே பிடித்துக் கொடுப்பது போலிருந்தது. அவரைப் பார்த்தேன்.

"சொல்லுங்கோ அம்மா" என்றார். "நான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

சொன்னேன்.

சிரித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஏன் மாற்றினீர்கள்?

"வெக்கம்" என்றார் மாஸ்ரர்.

4. மறுபடியும் பென்சில்

அமிர்தநாதனுக்கு அகதி உரிமை கிடைத்தது. தீர்ப்பில் அவருடைய அண்ணன் கடலில் இறந்தார் என்று சரியாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்துக் காட்டியபோது அவர் அந்த வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார்.

மாஸ்ரரின் கோப்பைத் திறந்தார்கள். அவரைக் கூப்பிட்டு விசாரித்த அன்றும் நான்தான் அந்தெர்ப்ரெத். அதே மேசை, அதே அதிகாரி. பழைய படத்தை அவர் மறக்கவில்லை போலும், வீட்டை வரையச் சொல்லிப் பென்சிலை நீட்டினார். மாஸ்ரர் யோசிக்கவே இல்லை. முதலில் குதிரைகளை வரைந்தார். அப்புறம் தொட்டி, கிணறு. மதில் கடைசியில்தான் வந்தது. அதிகாரி இந்த முறை நாய்களா என்று கேட்கவில்லை.

கார்டைப் பறிக்கவில்லை. மாதக்கணக்கில் அலையவிட்டு, கடைசியில் பிறந்த இடத்தைத் திருத்திப் புதிய கார்டு கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் அந்த மாடி அறையில்தான் கேஸ் எழுதினார். ஆனால் வருகிறவரிடம் முதலில் ஊரைச் சொல்லச் சொல்லிவிட்டு, தட்டச்சைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருப்பாராம்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேட்கிறவன் நம்ப வேண்டும் என்று ஒருவரின் வாழ்க்கையைச் சீவிச் செதுக்காதீர்கள். நம்ப முடியாதது என்று நாம் எடுத்து எறிவதுதான் பல சமயம் அந்த மனிதனிடம் இருக்கும் ஒரே சாட்சி. குதிரை என்றால் குதிரை என்றே சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.