ட்வீட்டருக்குக் கடிவாளம்

லேத் பட்டறைக்காரர் கல்யாணமான புதிதில் பலகை அறுத்து, வீட்டிலேயே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் செய்தார். பெட்டிகள் என்னவோ அம்சமாக அமைந்தன; கீச்சுச் சத்தம் தருகிற சின்ன ட்வீட்டர்தான் அடங்காப்பிடாரி. அவரிடம் சத்தத்தை அளக்க மீட்டர் எதுவும் கிடையாது, மனைவியின் காதுதான் மீட்டர். "காதக் குத்துதுங்க!" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். சத்தத்தைக் குறைக்க அவர் ட்வீட்டர் ஒயரில் இன்னொரு ரெசிஸ்டரைப் பற்றவைப்பார். "இப்ப சரி" என்று அவள் சொன்ன சாயங்காலம், உலை கொதிப்பதையும் மறந்து இருவரும் பாட்டுக் கேட்டார்கள்.

வருடங்கள் ஓடின. ட்வீட்டர் மங்கிவிட்டதாகப் பட்டது. பாவம், அதற்கும் வயசாகிறது என்று அவர் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொரு தடவையும் அவளும் "இப்ப சரி" என்றாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்தாள். பாட்டுப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, காது கிழியுது! உங்க ரெண்டு பேருக்கும் தெரியலையா?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மங்கியது ட்வீட்டர் இல்லை. அவர் எல்லா ரெசிஸ்டரையும் திரும்பப் பற்றவைத்தார்.

மகள் ஏறிய ஆட்டோ தெருமுனை திரும்பியதும், மனைவி பற்றவைக்கிற சால்டரிங் அயனை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"கழட்டுங்க எல்லாத்தையும். இனிமே அது நமக்குப் பாடட்டும்."