ஐரிஸ் அழித்த வரிகள்

ஐரிஸின் அறையில் அவளைத் தவிர ஒருவரும் இருப்பதில்லை. ஆனால் உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்கும். பக்கத்து அறையில் கிணற்றுத் தண்ணீரில் உப்புப் பார்க்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மண்ணெண்ணெய்க்கு நாய் படாத பாடு படுகிற காலத்தில், ஜெனறேற்றரைப் போட்டுவிட்டு இவளுக்கு என்ன சிரிப்பு?

எங்கள் நிலத்தடி நீர் ஆய்வுகூடத்தில் முன்பு நிறையப் பேர் இருந்தோம். தொண்ணூறில் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. தெல்லிப்பழையில் ஐரிஸின் வீடும் ஆமிக்காரரின் பிடிக்குள் போனது. தாய் தகப்பன் அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார்கள், தம்பிமார் வெளிநாட்டில். கடைசியில் அவளும் நானும்தான் மிச்சம். பின்னேரமானால் நான் என் பிள்ளைகளிடம் ஓடிவிடுவேன். அவள் வாடகை அறைக்குப் போவாள். அங்கே ஒரு சொல் கதைக்க ஆளில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கணனி. எந்தக் கிணற்றில் எவ்வளவு இறைத்தால் தண்ணீர் உவராகும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் புரோகிராம் ஒன்று அதில் இருந்தது. எழுதியவன் எங்களோடு வேலை செய்த செபநாயகம். எண்பத்தேழில் நோர்வேக்குப் போன மனுசன், பிறகு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அவன் விட்டுப்போன வேலையை ஐரிஸ்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அது ஓட மறுத்தது. மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்த சனம் புத்தூரில் ஒரு முகாமில் இருந்தது. அவர்கள் குடிக்கும் கிணறு கரிக்கத் தொடங்கியிருந்தது. சுற்றியுள்ள கிணறுகளின் அளவுகளையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். சேர்த்தால், இடம் போதாது என்று கணனி நின்றுவிடுகிறது.

நான் போய்த் திரையைப் பார்த்தேன். புரோகிராமுக்கு நடுவே, பின்னால் வருகிறவருக்கு விளங்கட்டும் என்று குறிப்பு வரிகள் எழுதி வைப்பது வழக்கம். கணனி அவற்றைக் கணக்கில் எடுக்காது. ஆனால் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். செபநாயகம் தமிழை இங்கிலிஷ் எழுத்தில் அடித்திருந்தான்.

"ஐரிஸ், இதிலை கை வைச்சால் கொலை விழும்."

கீழே அவள்: "வைச்சிட்டன். என்ன செய்வீர்?"

இன்னோரிடத்தில் அவன்: "விளங்கேல்லையெண்டால் தேத்தண்ணி குடிச்சிட்டு வாரும்."

அதன் கீழே வரி வரியாக அவள். "குடிச்சிட்டன்." "இண்டைக்குச் சீனி இல்லை." "இண்டைக்கு என்ரை பிறந்தநாள்." "வீடும் போயிட்டுது." எல்லாம் அவன் போனபிறகு எழுதியவை.

"உனக்கு விசரே, பிள்ளை? இடம் முழுக்கக் கதையல்லோ கிடக்கு."

"ஓம், அக்கா," என்றாள்.

அந்த வரிகளை அழித்தால்தான் இடம் வரும்; பிரதி எடுத்து வைக்கவும் வழியில்லை. பிளொப்பித் தட்டுகள் பூஞ்சணம் பிடித்துவிட்டன. புதியவை அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையைத் தாண்டி வரா. நல்லதாய் இருந்த ஒன்றும் கிணற்று அளவுகளால் நிரம்பியிருந்தது.

முதலில் தன் வரிகளை அழித்தாள். ஓட்டிப் பார்த்தாள். காணாது. பிறகு அவனுடையவற்றில் கை வைத்தாள். ஒவ்வொன்றையும் வாய்க்குள் வாசித்துவிட்டு அழித்தாள்.

"பொறு. ஒரு கடதாசி தா, நான் எழுதி வைக்கிறன்," என்றேன்.

"வேண்டாம், அக்கா."

தேத்தண்ணி வரியும் போனதும் கணனி ஓடியது. முகாம் கிணற்றில் காலையில் மட்டும் இறைத்தால் தாங்கும் என்று வந்தது. அன்றே ஆளனுப்பிச் சொன்னோம்.

ஜெனறேற்றரை நிற்பாட்டிவிட்டு வந்து கேட்டேன், "ஏன் பிள்ளை எழுத விடேல்லை? நீயாவது எழுதியிருக்கலாமே?"

"உங்கடை கையெழுத்திலை அவர் கதைக்கிற மாதிரி இராது. என்ரை கையெழுத்திலை இருந்தால், நானே எனக்குக் கதைக்கிற மாதிரி இருக்கும்," என்றாள். அணைந்த திரையைத் துணியால் மூடினாள்.

"இவ்வளவு வருசமும் அதுதானே அக்கா நடந்திருக்கு."