எத்தனையாவது ஓட்டை

வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே அவர் கையிலிருந்து வாட்ச்சைக் கழற்றிவிடுவார் பெல்ட் அக்கா. கழற்றிய வாரை மேசை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "நாலாவது ஓட்டை. ஆனா அஞ்சு மேல கண்ணு வச்சிருக்கீங்க. வீட்டுச் சாப்பாடா, கடைச் சாப்பாடா?" ஆறு வருடத்துக்கு முன் என்னை வரவேற்றது இப்படித்தான். நான் பெருத்துக்கொண்டு வருகிறேன் என்பதை என் வீட்டில்கூட இத்தனை நாசூக்காகச் சொன்னதில்லை.

நாலு மாடிக் கட்டிடம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. எழுந்து நின்றால் தலை இடிக்கும். அதனால் காலையில் குனிந்து உள்ளே போனால் உட்கார்ந்தபடியேதான் எல்லா வேலையும். மேலே யாராவது செருப்புச் சத்தத்தோடு இறங்கினால், தைத்துக்கொண்டிருக்கும் ஊசியை நிறுத்தாமலே "மூணாம் மாடி வக்கீல், இன்னிக்குக் கேஸ் தோத்துட்டார்" என்பார். ஐம்பதை நெருங்கும் வயது. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காம்பு கிடையாது. அந்த இடத்தில் தோல் வார் ஒன்றைத் தைத்து மாட்டியிருக்கிறார்.

தோலை வாங்கி வந்து, வெட்டி, ஓரம் சீவி, மெழுகு நூலால் தைத்து, ஓட்டை போட்டு முடிப்பது வரை எல்லாம் அவர் கைதான். ஓட்டைகளை வாட்ச் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஒன்று என்றால் குச்சிக் கை, ஏழு என்றால் தடிக் கை. தினமும் மாட்டுகிற ஓட்டை மட்டும் கொஞ்சம் நீண்டு வாய் பிளந்திருக்கும், பக்கிள் அழுத்திய இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். ஆள் இளைத்தால் கோடு உள்ளே நகரும், பெருத்தால் வெளியே நகரும். வாடிக்கையாளர்களின் பெயர் அவருக்கு நினைவில் நிற்பதே இல்லை. ஓட்டை எண்தான் அவருக்குப் பெயர்.

ஒரு தையற்காரர் ஆறிலிருந்து ஒரே வருடத்தில் நாலுக்கு வந்துவிட்டார். "நேரா இங்கிருந்து போய் சர்க்கரை பாருங்க, அப்புறமா பெல்ட் தர்றேன்" என்று வாட்ச்சைப் பிடித்து வைத்துக்கொண்டாராம். தையற்காரர் திட்டிக்கொண்டே போனார். சர்க்கரை இருந்தது. இப்போது வருடத்துக்கு ஒரு முறை அக்காவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார், அளவு சரியில்லை என்று அக்கா அவரைத் திட்டுகிறார்.

இப்படித் தோலோடு வாழ்கிற மனுஷி, ஒரு விஷயத்தில் மட்டும் தோலுக்கு எதிரி. பட்டாளத்து மாதிரி வாட்ச்சுக்குத் தோல் வார் தைத்துத் தர மாட்டார். பச்சை முகமும் பெரிய வெள்ளை எண்களுமாக வருகிற அந்த வாட்ச்சுகளை இப்போது பட்டாளத்துக்காரர்களைவிட மற்றவர்கள்தான் அதிகம் கட்டுகிறார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து, "தடிமனா, பிரவுன் கலர்ல, நல்லா முரட்டுத் தோலா வேணும்க்கா. நூறு மீட்டர் ஆழத்துலயும் ஓடும் இது" என்றார்.

"வாட்ச் ஓடும். நீங்க அவ்வளவு ஆழம் போவீங்களா?"

"இல்ல... ஒரு கெத்துக்கு."

"கெத்துன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். பட்டாளம்னு சொல்லாதீங்க. தோல் வேர்வையைக் குடிக்கும், மழையைக் குடிக்கும், குடிச்சுட்டு நாறும். அதுவும் ரெண்டு துண்டு. ஒரு பின் புட்டுக்கிச்சுன்னா வாட்ச் சாக்கடையில. நைலானைப் பாருங்க, ஒரே துண்டு. வாட்ச்சுக்கு அடியில நுழைஞ்சு வரும். ஒரு பின் போனாலும் வாட்ச் கையிலயே தொங்கும். சோப்புப் போட்டு அலசினா அரை மணி நேரத்துல காஞ்சுடும்."

நைலானில் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, எங்கோ செய்து கட்டுக்கட்டாக வருகிற சரக்கு அது. தோலில்தான் பிழைப்பு. இருந்தும் நைலானையே கட்டி அனுப்புவார். உண்மையான பட்டாளத்துக்காரர் ஒருவர், ஓய்வு பெற்றவர், ஒரு நாள் அவரிடம் வாதாடிப் பார்த்தார். "எங்களுக்கும் துணி பெல்ட்டுதாம்மா கொடுத்தாங்க. ஆனா லீவுல வீட்டுக்குக் கிளம்பறப்போ அத்தனை பேரும் தோலுக்கு மாத்திக்குவோம்."

"அது எதுக்காம்?"

"தெரியலையே. வீட்டுக்குப் போறோம்ல."

"லீவு எத்தனை நாள்? இருபது நாளா? அதுக்குத் தாங்கும், போங்க" என்று சிரித்தார் அக்கா. ஆனாலும் அவருக்கும் நைலான்தான் கட்டினார்.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அந்தத் தெருவில் எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பட்டாளத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறுகிறவர் என்பது அக்கா தந்த தகவல். ஆனால் வாட்ச் மட்டும் பச்சை முகத்துப் பட்டாளத்து வாட்ச். வேலை நடுவில் டீ குடிக்க வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, "முதலாளியம்மா, ஊருக்கெல்லாம் தைக்கிறீங்க. கட்டின புருஷனுக்கு ஒரு தோல் பெல்ட் கிடையாதா?" என்று மனுக் கொடுப்பார். "கிரீஸ்ல முக்கி எடுக்கிற கைக்குத் தோலா? போங்க, லிஃப்ட்ல யாரோ கத்தறாங்க" என்று மனு தள்ளுபடியாகும். பதினாலு வருடமாக இதே வழக்கு. ஞாயிற்றுக்கிழமை அவர் வாரை அலசிக் கொடியில் காலுறைகளுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுக் காயவைப்பதும் அக்காதான்.

போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை மதியம் நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் கணவர் வந்தார். வார் பிசிறடித்துவிட்டது என்று, தானே கழற்றிச் சுருட்டி வைத்திருந்த பழையதையும் வாட்ச்சையும் அக்காவிடம் நீட்டினார். அக்கா கட்டிலிருந்து ஒரு புது நைலானை உருவினார். அளவெடுக்கவில்லை. தன் கணக்கிலேயே வாலை வெட்டி, லைட்டரால் முனையைக் கருக்கி, வாட்ச்சுக்கு அடியில் நுழைத்து, அவர் கையைப் பிடித்து ஆறாவது ஓட்டையில் மாட்டினார். விட்டதும் வாட்ச் சுற்றிக்கொண்டு கைக்கு அடிப்பக்கம் போய்த் தொங்கியது.

"நாசமாப் போறவன், ஓட்டையைத் தள்ளிப் போட்டு அனுப்பியிருக்கான்" என்று சரக்கு அனுப்பியவரைத் திட்டிவிட்டு அக்கா ஸ்கேலை எடுத்தார். புது வாரை அளந்தார். பழையதை விரித்து அளந்தார். அப்படியும் நம்பாமல் கட்டிலிருந்து மூன்றாவதாக ஒன்றை உருவி, மூன்றையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றிலும் ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

அதற்குள் அவர் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை. அந்தப் புழுக்கத்தில் எதற்கு முழுக்கை என்று எனக்கே அப்போதுதான் தோன்றியது.

"கையைக் கொடுங்க."

"வேலை அதிகம்மா, அதான் கொஞ்சம்..."

"கையைக் கொடுங்கன்னேன்."

டேப்பைச் சுற்றிப் பார்த்தார். "ஆறுல இருந்தவர் மூணு" என்றார். மாடிப்படிக்கு மேலே போகிறவர்களுக்கும் கேட்கிற குரல் அவருடையது. அன்று எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "நீங்க உக்காருங்க சார். நீங்க போனா இவர் பேச்சை மாத்திடுவார்" என்றார் என்னைப் பார்க்காமலே. உட்கார்ந்தேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

கணவர் சொன்னார். ஐந்து மாதமாக எதைச் சாப்பிட்டாலும் நெஞ்சில் நின்றுவிடுகிறது. தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் இறங்குகிறது. மதியச் சாப்பாட்டைக் கட்டிடத்து வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டு டப்பாவைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். நைலானில் மூன்றாவது ஓட்டையில் மாட்டி, மிஞ்சிய வாலை உள்ளே மடித்துச் செருகிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அலசினால் அது பாட்டுக்கு நிமிர்ந்துவிடும்.

"ஏங்க சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவே. போனா என்னன்னு பேர் சொல்லிடுவாங்க."

கடையை அக்கா மதியம் மூன்றரை மணிக்கு இழுத்து மூடியதை அந்தக் கட்டிடத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் பேர் சொல்லிவிட்டார்கள். உணவுக்குழாயில் கட்டி. மருந்து ஏற்றிச் சுருங்க வைத்து, பிறகு அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் இந்த உடம்பு கத்தியைத் தாங்காது, எடை ஏறினால்தான் தேதி தருவோம் என்றார் டாக்டர். மெல்லிய குழாய் வழியாகப் பாலும் கஞ்சியுமாக ஏற்றி உடம்பைத் தேற்றச் சொன்னார்கள்.

பத்து நாள் கழித்து நான் போனபோது அக்கா கடையில் இருந்தார். வேலை எதுவும் செய்யவில்லை. வாடிக்கையாளர்கள் விட்டுப்போன பழைய தோல் வார்கள் நிறைந்த பெட்டியை மடியில் வைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். "ஊரான் கையையெல்லாம் படிச்சேன் சார். தையற்காரனுக்குச் சர்க்கரைன்னு சொன்னேன். என் வீட்டுக் கைக்கு மட்டும் ஊமை பெல்ட்டைக் கட்டி வச்சேன். அலசி அலசி நானே கொடியில போட்டிருக்கேனே, சார்!" என்று சொல்லி அழுதார். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்து, மூக்கைச் சிந்தியதோடு சரி.

அன்றே அவர் கணவருக்குத் தோல் வார் வெட்டினார். இருந்த தோலிலேயே நல்லதை எடுத்து, முதுகுப் பக்கத்துத் தோலாகப் பார்த்து, இரண்டு நாள் வைத்துத் தைத்தார். வழக்கு ஜெயித்துவிட்டது என்று கணவர் தெருவெல்லாம் காட்டினார். மூக்கில் குழாயோடு நின்று, "பாத்தீங்களா சார், பதினாலு வருஷம் போராடி வாங்கினது" என்றார் என்னிடம். கம்ப்யூட்டர்காரருக்கு விஷயம் தெரியாது. அந்த வாரைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கே வந்துவிட்டார்: "எனக்கு மட்டும் நைலான், அவருக்குத் தோலா? அப்ப பட்டாளத்து வாட்ச்சுக்குத் தோல் சரிதானே?"

"சரியில்ல. இப்பவும் சொல்றேன், சரியே இல்ல. நாறும், நனையும், பின் போனா வாட்ச் போயிடும்" என்றார் அக்கா. "எனக்கு வேணும். அதனால தச்சேன்."

வீட்டில் எடை மெஷினும் வாங்கியிருந்தார்கள். ஆனால் கணவர் பாக்கெட்டில் ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு ஏறி நின்றார். முதல் வாரமே ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது என்று வீடே மகிழ்ந்து, பிறகு ஸ்பேனர் கீழே விழுந்து குட்டு வெளிப்பட்டது. அக்கா சிரித்தாரா அழுதாரா என்று அவரிடம் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார். அதனால் அக்கா திங்கட்கிழமைதோறும் அவர் வாரைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடிப்பார். தைத்தபோது இரண்டாவது ஓட்டை, அதற்குள் மூன்றிலிருந்து ஒன்று இறங்கியிருந்தது. மருந்து ஏற ஆரம்பித்ததும் கோடு ஒன்றுக்கு நகர்ந்தது. மூன்று வாரம் ஒன்றிலேயே நின்றது. நிற்பதே நல்ல செய்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற நாள். பதினோரு மணிக்குப் போக வேண்டும். எடை போதுமென்றால் தேதி, இல்லையென்றால் டாக்டர் வேறு பேச்சுப் பேசுவார். கணவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். அக்கா யாருடைய வாருக்கோ ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் கையை நீட்டினார். முதல் ஓட்டையில்தான் மாட்டியிருந்தது, அப்படியும் வாட்ச் அடிப்பக்கம் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"இன்னும் உள்ள ஒரு ஓட்டை போட்டுடு. கையில நிக்க மாட்டேங்குது."

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் பஞ்ச் இருந்தது, சுத்தியலும் இருந்தது.

"போட மாட்டேன்."

"ஒரே ஒரு ஓட்டைம்மா. டாக்டர் முன்னாடி இப்படித் தொங்கினா நல்லாவா இருக்கு?"

"அதுக்கு உள்ள இடமில்லைங்க."

இடம் இருந்தது. முதல் ஓட்டைக்கும் வாட்ச்சுக்கும் நடுவே ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் நல்ல தோல் இருந்தது, எனக்கே தெரிந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

அக்கா பஞ்ச்சைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து வெளியே வந்து கடையைப் பூட்டினார். என்னிடம் பையைக் கொடுத்து, ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, திரும்ப வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு கணவரின் கையைப் பிடித்து, வாட்ச்சைத் திருப்பி மேலே கொண்டுவந்து, வாருக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் தன் இரண்டு விரல்களை நுழைத்துக்கொண்டார். வாட்ச் அசையாமல் நின்றது. அப்படியே பிடித்துக்கொண்டு, வருகிற பஸ்ஸைப் பார்த்து இருவரும் தெருவைக் கடந்தார்கள்.